வினைச்சொல் கடைசியில்

இன்று ஆபீஸில் பழைய அலமாரியைக் காலி செய்தார்கள். சிக்கலான வயர்களுக்கும் செத்துப்போன மவுஸ்களுக்கும் அடியிலிருந்து உன் கீபோர்டு வந்தது. மற்ற எழுத்துகளெல்லாம் பளிச்சென்று இருக்க, செங்குத்துக் கோடு போட்ட அந்த ஒரு பொத்தான் மட்டும் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளையிடம் கைமாற்றிவிடும் கோடு அது, பைப் என்போமே. "தூக்கிப் போட்டுடலாமா?" என்று யாரோ கேட்டார்கள். அதை என் மேஜைக்கு எடுத்து வந்துவிட்டேன். வேலை ஓடவில்லை. உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரேணிகுண்டா ரோட்டில், ஆபீஸுக்கு எதிரே இருக்கும் டீக்கடை இப்போதும் இருக்கிறது. லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் செய்யும் சின்னக் கம்பெனி நம்முடையது. உள்ளே எல்லோருடனும் தெலுங்கு. நான்கு மணி டீக்கு வெளியே வந்தால் நாம் இருவர் மட்டும் தமிழ். நீ புத்தூர்ப் பக்கத்துக் கிராமம், நான் குடிபாலா. மற்றவர்கள் சினிமாவையும் சம்பள உயர்வையும் பேச, நாம் கம்ப்யூட்டர் மொழிகளைப் பற்றி வம்பளப்போம். எந்த மொழி எதற்காக இப்படிக் கோணலாக இருக்கிறது, யார் இதை யோசித்தார்கள், நாமாக இருந்தால் எப்படிச் செய்திருப்போம். காசு பெறாத பேச்சு. அதைப் போல ருசியான பேச்சை அதற்குப் பிறகு நான் யாருடனும் பேசவில்லை.

ஒருநாள் டேட்டாபேஸ் மொழியின் மேல் உனக்குக் கோபம்.

"இன்னா வோணும்னு மொதல்ல கேக்குது, எங்கேருந்துன்னு அப்பறமா கேக்குது. கடைக்குள்ளயே வுடாம வாசல்ல நிக்க வச்சிக்கினு, இன்னா வாங்கப் போறன்னு கேட்டா எப்டிடி சொல்றது?"

"இங்கிலீஷ் அப்டித்தான. ‘எடு’ன்றது மொதல்ல, எதைன்றது அப்பறம்" என்றேன்.

"அது அவங்க பேசற மாரி அவங்க செஞ்சாங்க. எங்கம்மா எப்டி வேல சொல்லும் தெரியுமா? ‘அந்தத் துணிய எடுத்து, நனச்சி, அலசி, புழிஞ்சி, கொடில போடு.’ பாத்தியா? பொருள் மொதல்ல. ஒவ்வொரு கமாவுலயும் ஒரு பைப்பு. கடைசில ஒரே ஒரு வினை. தமிழே ஒரு ஸ்கிரிப்டுடி!"

பரீட்சைக்காக மட்டும் நான் உருப்போட்ட வினையெச்சம் டீக்கடை பெஞ்சில் என் கண் முன்னால் உயிரோடு எழுந்து நின்றது. பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கும் மொழியை அன்றுதான் முதன்முதலாக வெளியே நின்று பார்த்தேன். டீ ஆறிப்போனது.

பிறகு உன் சுண்டுவிரலுக்கு அடைப்புக்குறி எட்டாமல் போயிற்று. "வயசாயிடுச்சி" என்று சிரித்தாய். அடுத்து டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். தசைகள் ஒவ்வொன்றாக நரம்பின் பேச்சைக் கேட்காமல் போகும், நாக்கும் தொண்டையும் உட்பட, மருந்து இல்லை. மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று ஆறுதலாகச் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ குழறலாகச் சொன்னது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது: "சர்வர் ஓடும். கேபிளுதான் ஒண்ணொண்ணா அறுந்துகினு வருது."

பேச முடியாதவர்களுக்கான ஒரு சாஃப்ட்வேரை வாங்கி வந்தோம். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய சொல் வரும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அது முதலில் ‘வேண்டும்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு உலகத்திலுள்ள பொருள்களையெல்லாம் வரிசையாகக் காட்டியது. தண்ணீர் வருவதற்குள் உனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உன் நைனா வாசற்படியில் நின்று கேட்டார். "இன்னாம்மா இது, நூஸ் வாசிக்கறவ மாரி பேசுது? எம் பொண்ணு இப்டியா பேசுவா?"

அன்று நீ, மிச்சமிருந்த குழறல் பேச்சில், கண்ணைத் துடைக்கச் சொன்னாய். துடைத்தேன். அடுத்து, லேப்டாப்பைத் திற என்றாய்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் உன் வீட்டில்தான். நீ சொல்வாய், நான் தட்டுவேன். வாயால் சொன்னது போய், புருவத்தால் சொல்லும் காலமும் வந்தது. பெரிதாக எதுவும் நாம் எழுதவில்லை. குரல் தரும் கருவி ஒன்று, திரையில் காட்டும் கருவி ஒன்று, வாசல் காலிங் பெல்லின் பொத்தான் ஒன்று. இவற்றை இணைக்கும் துண்டுத் துண்டு ஸ்கிரிப்டுகள், நடுவே உன் பைப்புகள். ஆனால் அதற்குள் இருந்த சின்ன மொழி முழுக்க உன்னுடையது. பொருள் முதலில், வினை கடைசியில். ‘தண்ணி’ என்று தொட்டுவிட்டால், தண்ணீரை என்னென்ன செய்யலாமோ அந்த நாலைந்து வினைகள் மட்டும் வரும். ‘நைனா’ என்று தொட்டால், நைனாவிடம் சொல்லக்கூடியவை. டீக்கடை பெஞ்சில் வம்புக்குப் பேசியது ஒரு மனுஷியின் மிச்சமிருந்த ஒரு விரலுக்குப் போதுமான மொழியாக மாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொற்களையும் நீ பேசியபடியே எழுத வைத்தாய்: வோணும், வாணாம், துன்னு, வா.

நாம் சண்டை போட்டதும் உண்டு. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கருவியே ஊகித்துச் சொல்லிவிட்டால் உனக்குச் சிரமம் குறையுமே என்றேன். எழுத்து எழுத்தாக நீ அழுத்திய பதில்: "காட்டட்டும். பேசக் கூடாது." சொற்பட்டியலை முழுமையாக்கிவிட வேண்டும் என்று நான் துடித்தபோதும் நீ ஒப்பவில்லை. பட்டியலின் கடைசியில் ‘புதுச் சொல்’ என்று ஒரு கதவைத் திறந்து வைக்கச் சொன்னாய். பேசுகிறவள் இருக்கும்போது, மொழியைச் செய்தவளுக்கு அதை முடித்து மூட என்ன உரிமை என்று கேட்டாய்.

அந்தக் கதவின் அருமை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. மூச்சு குறைந்துகொண்டிருந்தது. தொண்டையில் துளை போட்டு மெஷினோடு இணைக்கலாமா என்று டாக்டர் உன் நைனாவிடம் கேட்டார். காலையிலிருந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்த மனிதர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "நீங்க இன்னா சொன்னாலும் சரி சார்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். உன் விரல் அசைந்தது. திரையைத் திருப்பி வைத்தேன்.

மெஷின் என்ற சொல் பட்டியலில் இல்லை. அதைச் சேர்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நீ நேராகப் ‘புதுச் சொல்’லுக்குப் போனாய். எழுத்துகள் ஒளிர்ந்து நகர, நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பு. ல். ல. ட்.

"புல்லட்டா?" என்றார் டாக்டர்.

பக்கத்து வார்டில் அந்த மெஷின் புல்லட் பைக் மாதிரி ஓடும் சத்தத்தை நீ கேட்டிருக்கிறாய். நான் அழுகையினூடே சிரித்துவிட்டேன். அடுத்து வினைகள் ஒளிர்ந்தன. அறையில் ஒலித்தது: "புல்லட் வாணாம்."

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உன் எதிரில் உட்கார்ந்தார். அதுவரை அவர் நின்றபடி எங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தார். இனி உன்னோடு பேசினார். மூச்சு திணறாமல் இருக்க என்ன செய்ய முடியும் என்று சொன்னார். நீ இரண்டு கேள்விகள் கேட்டாய். அவர் போன பிறகும் உன் விரல் ஓயவில்லை. பொத்தான் இன்னொரு முறை அழுந்தியது.

"நைனா துன்னியா?"

உன் நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் சாவைத் தீர்மானித்த அதே மூச்சில் அப்பன் பட்டினி கிடப்பதைக் கவனித்த உன்னை எந்தச் சொல்லால் சொல்வது? மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவளைப் போல நின்றேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

நீ போன பிறகு, பலமனேரில் காய்கறி மண்டி நடத்திய ஓர் அம்மாளைப் பற்றித் தெரியவந்தது. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர், தெலுங்குக்காரர். உன் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். தெலுங்கிலும் வினை கடைசியில்தானே. சொற்களை மாற்றியதோடு சரி, உன் வரிசையில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. பத்து நாள் பழகியபின் மறுபடி போனபோது அவருடைய மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போக ஆசை. அந்த அம்மாள் பொத்தானை அழுத்த, திரையில் ‘பெங்களூரு’ என்று வந்தது. மகன் துள்ளிவிட்டார். "போதாம் அம்மா, போதாம்!" போகலாம், போகலாம் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தேடினார். அம்மாள் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"பெங்களூரு வத்து."

வேண்டாம். மகன் பெட்டியை விட்டுவிட்டு அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் மொழிகளில் வேண்டுமா வேண்டாமா என்பது கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அதுவரை காத்திராதவர் பாதியைக்கூடக் கேட்டவர் ஆகமாட்டார்.

உன்னிடமிருந்து நான் சுமந்து வருவது அந்தக் காத்திருப்பைத்தான். போன வாரம் சுழற்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் உன் நைனா போன் செய்தார். இப்போதெல்லாம் அவர் பேச்சில் நடுநடுவே நீண்ட இடைவெளி விழுகிறது. "இந்தக் காத்துல, நம்ம மாமரமெல்லாம்…" என்று நிறுத்திவிட்டார். ‘போச்சா?’ என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினேன். அவர் மூச்சு மட்டும் கேட்டது. காத்திருந்தேன்.

"நின்னுக்கினு கீதும்மா" என்றார்.