மூடி இல்லாத ரெக்கார்ட் பிளேயர்

என்னங்க,

குடிமீட்பு மையத்தில் போன் பேச விடமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் கை நடுக்கம் நின்றுவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள்தானே?

இங்கே அதியமான்கோட்டையில் பாலம் வேலை தொடங்கியதிலிருந்து ஊரெல்லாம் புழுதி. சோற்றுத் தட்டில்கூட விழுகிறது. உங்கள் ரெக்கார்ட் பிளேயருக்கு என் பழைய காட்டன் புடவையில் ஓர் உறை தைத்துப் போட்டேன். அதன் கண்ணாடி மூடிதான் இப்போது இல்லையே. அது உடைந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அன்றிலிருந்து நம் மகள் இலக்கியா அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை. நான் உறை தைக்கும்போதும், “அந்த ஆளுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்று கேட்டாள். நான் தைத்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று காலேஜ் விட்டு வந்தவள், தானே உறையை எடுத்துப் பார்த்தாள்.

“துணிக்குள்ளயும் புழுதி பூந்துடுதும்மா” என்றாள். பிறகு சின்ன பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைத் துடைத்தாள். பெட்டியின் நீள அகலத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு, தர்மபுரியில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கடைக்குப் போய்விட்டு இருட்டும் முன் திரும்பினாள்.

“மூடி செய்யச் சொல்லிட்டு வந்தியா?” என்று கேட்டேன்.

“உசரம் எவ்ளோ வெக்கணும்னு கேட்டாங்க. அப்பாவக் கேட்டுட்டு சொல்றேன்னுட்டேன்.”

அப்பா என்று அவள் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உங்களைக் கூட்டிவர நான் தனியாக வரவில்லை. அவளும் லீவு சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வூட்டுக்காரி