மாதுளம்பூ நிறப் பட்டு

மதன்புரா, பனாரஸ்
11.5.1981

அன்புத் தங்கை தஹ்சீனுக்கு,

ரஃபீகா அக்காவின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

பெருநாளுக்குப் பட்டு நெய்யச் சொல்லி உன் மச்சானுக்குக் கடிதம் போட்டிருக்கிறாய். ஒரே வீட்டுக்குத்தானே எழுதுகிறாய், எனக்கும் ஒரு வரி சேர்த்தால் மை தீர்ந்துவிடுமா? தறியில் புதுப் பாவு நூல் ஏறிய பிறகுதான் எனக்கே தெரியும். "யாருக்கு இது?" என்றேன். "தஹ்சீனுக்கு" என்றார், தலையைத் தூக்காமலே.

மாதுளம்பூ நிறம். உடம்பெல்லாம் சரிகைப் பூ. பூவுக்கொரு சின்ன நாடாவில் சரிகை சுற்றி, இழைக்குள் கோத்துக் கோத்து நெய்கிறார். ஒரு நாளைக்கு நாலு விரல் அகலம்கூட ஏறவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் எந்தத் துணிக்கும் நிறத்தை என்னிடம்தான் கேட்பார். இதற்குக் கேட்கவில்லை. நெய்யும்போது பாட்டு வேறு.

எனக்கு ஒன்றுமில்லை. சும்மா சொன்னேன்.

உன் அக்கா,
ரஃபீகா

லக்னோ
19.5.1981

என் செல்ல அக்காவுக்கு,

ஸலாம். இக்ராம் மச்சான் பாடுகிறாரா! என்ன பாட்டு, கேட்டு எழுது.

மூன்று கஜம் துணிக்கா இந்த முறைப்பு? நெய்கிற கையே உன் வீட்டில்தானே இருக்கிறது, உனக்கும் வேண்டுமென்றால் கேளேன். பெருநாளுக்கு அங்கே வந்து, அகலக் கால் வைத்த கராரா தைத்து உடுத்திக் காட்டுகிறேன். பூவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை வேண்டுமென்று மச்சானிடம் சொல்லிவிடு. மறந்துவிடாதே.

தஹ்சீன்

மதன்புரா
8.6.1981

தஹ்சீனுக்கு,

பச்சை இலையைச் சொன்னேன். அன்றைக்கே பச்சைப் பட்டு வாங்கப் புறப்பட்டார். வீட்டில் சமையல் எண்ணெய் தீர்ந்து மூன்று நாள். அதை எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா?

அவர் போனதும் கத்திரிக்கோலை எடுத்துப் பாவில் ஒரு பிடி இழையை அறுத்துவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தவர், "எலி கடிச்சிருக்கு" என்றார். அறுந்த இழைகளை இரண்டு நாள் குனிந்தபடி முடிச்சுப் போட்டார். எலிப்பொறி வாங்கி வைத்தார். அதில் ரொட்டித் துண்டு வைத்தவள் நான்.

அவர் வீட்டார் முதலில் உன்னைத்தான் பெண் கேட்டு வந்தார்கள். மூத்தவள் இருக்கும்போது இளையவளைத் தரமாட்டேன் என்று அப்பா என்னைக் கொடுத்தார். நீயும் நானும் அதைப் பேசினதே இல்லை. இப்போது நான் பேசிவிட்டேன். இந்தப் பெருநாளுக்கு நீ இங்கே வராதே.

ரஃபீகா

லக்னோ
16.6.1981

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்பே மச்சானின் தபால் அட்டை வந்துவிட்டது. "எங்க வீட்டு எலிக்குக் கத்திரிக்கோல் பிடிக்கத் தெரியுது. துணி வரப் பத்து நாள் பிந்தும். அக்காகிட்ட எதுவும் கேக்காதே" என்று எழுதியிருந்தார். நான் சொல்லாமலிருக்க மாட்டேன். எலி இல்லையென்று தெரிந்தும் பொறி யாருக்காக வைத்தார் என்று நீயே யோசி.

நீ உண்மை எழுதினாய், நானும் எழுதுகிறேன். உன் நிக்காஹ் அன்று, வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மனதில் இருந்ததெல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உனக்கு எழுதாமல் அவருக்கு எழுதினேன் பார், அது மறதியில்லை. பச்சை இலையும் வேண்டுமென்றே கேட்டதுதான். உனக்கு வலிக்கட்டும் என்று.

துணியை வேண்டாமென்று சொல்லமாட்டேன். அவ்வளவு நல்லவள் இல்லை நான். தபாலில் அனுப்பச் சொல். பெருநாளுக்கு நான் அங்கே வரவில்லை.

தஹ்சீன்

மதன்புரா
20.7.1981

தஹ்சீனுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. துணி தறியிலிருந்து இறங்கியது. மடித்துக்கொண்டே அவரிடம் கேட்டுவிட்டேன்: "அவளைக் கட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்னு எப்பவாவது நெனச்சீங்களா?"

சரிகை நுனிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "மொத வருஷம் நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உனக்கு டைபாய்டு வந்துச்சே. அதுக்கப்புறம் நெனக்கல."

"நெறத்தை ஏன் என்கிட்ட கேக்கல?"

"அவளுக்குன்னு கேட்டா சொல்லியிருப்பியா?"

அழுதேன், திட்டினேன். அவர் பொய் சொல்லியிருந்தால் துணியையே வெட்டியிருப்பேன். நோன்பு திறக்கிற நேரம் வந்ததால் சண்டை அதோடு நின்றது.

தபாலில் அனுப்பப் போவதில்லை. வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் நானே கொண்டுவருகிறேன். அவர் வரவில்லை. வரவேண்டாம் என்றேன். தையற்காரரிடம் சேர்ந்து போவோம். பூ தலைகீழாக விழாமல் வெட்டுகிறவனாகப் பார்த்து வை.

நீ உடுத்துவதை என் கண்ணால் பார்க்கவேண்டும். அழகாயிருந்தால் சொல்வேன். வயிறு எரிந்தால் அதையும் உன் முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

ஸ்டேஷனுக்கு நீயே வா. வேறு யாரையும் அனுப்பாதே.

அக்கா