பின்னால் மிதித்தால் நிற்கும் வண்டி

ஜனவரி 9, வெள்ளி

பின்லாந்தில் படிக்கும் மகள் காலையில் பேசினாள். பனியில் ஓட்டச் சைக்கிள் வாங்க வேண்டுமாம். "கைப்பிரேக்கு குளிர்ல உறைஞ்சிருமாம்ப்பா. இன்னொண்ணு, பெடலைப் பின்னாடி மிதிச்சா நிக்கும். எத வாங்கட்டும்?"

"பின்னாடி மிதிக்கிறதையே வாங்கு தாயி" என்றேன்.

சாயங்காலம் பழங்காநத்தம் பாலத்தில் சைக்கிளில் இறங்கினேன். கால்கள் தாமாகப் பெடலைப் பின்பக்கம் சுற்றின. இறக்கத்தில் சும்மா அப்படிச் சுற்றுவது என் பழக்கம். என்னைப் பார்த்து அவளுக்கும் அதுவே. இங்கே ஒன்றும் ஆகாது. அங்கே சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பனியில்.

வண்டியை ஓரங்கட்டிப் போனை எடுத்தால் அவள் செய்தி கிடக்கிறது: "வாங்கிட்டேன்ப்பா. ஓட்டிக்கிட்டே ரூமுக்குப் போறேன்."

அப்போதிருந்து போன் அடிக்கிறேன், அவள் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே என்று சொல்லி வளர்த்ததும் நான்தான்.