முன் சீட்டை உனக்கு அனுப்புகிறேன்

நோர்பரி, லண்டன்
பொங்கலுக்கு மற்ற நாள்

என் உடன்பிறந்த தங்கச்சி நாகேஸுக்கு,

அக்கா சிவயோகம்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, ஒருவரும் சாகவில்லை. முழங்கால் நோவைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் உன் மனுஷனும் பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே விழுந்து கதைப்பாய், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்தது கைக்குழந்தையாக இருந்த உன்னைத் தூக்குவதற்குத்தான். ஆனாலும் இவ்வளவு எழுத எனக்கு வரும்.

தாரகா உன்னிடம் வருகிற விஷயம் என்னைவிட உனக்குத்தான் முதலில் தெரியும். என் மகன் றஜீவின் மகள், பிறந்த நாள் தொட்டு என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளை, எனக்குக் கடைசியில்தான் சொன்னாள். உன் பேரன் ஆரணன் தானும் ஓடுகிற ஒரு கார்ப் போட்டிக்குக் கூப்பிட்டானாம். நோர்வேயில் உங்கள் வீட்டுப் பக்கத்துக் குளம் உறைந்ததும் அதன் மேலே பழைய கார்களை விட்டு ஓட்டப் போட்டி வைப்பார்களாம். பெரிய ஆட்கள் ஓடுகிற போட்டி இல்லையாம், தச்சனும் கடைக்காரனும் படிக்கிற பிள்ளைகளும் ஆசைக்கு ஓடுகிறதாம். கார் மலிவாகவும் பழசாகவும் இருந்தால் போதுமாம்.

அதற்கு அவள் தெரிந்தெடுத்த கார் எது தெரியுமா? உன் அத்தானின் மைக்ரா.

அவர் கண்ணை மூடின பிறகு அது படங்கு போர்த்தபடி வாசலில் நின்றது. லண்டனுக்குள் பழைய கார் ஓட்டினால் தண்டம் என்று றஜீவ் அதைக் கழித்துவிடப் பார்த்தான். நான் விடவில்லை. ஒருநாள் தாரகா வந்து, அப்பாச்சி, அப்பப்பாவின்ர காரை நான் எடுக்கட்டோ என்று கேட்டாள். என் வாய் ஓம் என்று சொல்லிவிட்டது. என்னைக் கோயிலுக்கு ஏற்றிப் போகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மார்கழி முழுக்க என் பின்வளவில் இதே வேலை. அவளோடு இரண்டு பெடியன்கள். ஜதுசன் குரொய்டனில் ஒரு கராஜில் வேலை செய்கிறான், தனக்கென்று ஒரு கிழட்டுக் கொரொல்லாவையும் பிடித்துக்கொண்டு வந்தான். தர்சிகனின் தகப்பனுக்கு டூட்டிங்கில் சாமான்கடை, காரை அங்கே ஏற்றிவர வானும் ட்ரெய்லரும் அவனுடைய பொறுப்பு. மைக்ராவின் தரைவிரிப்பை உரித்தார்கள். பின் சீட்டு, ரேடியோ, கதவுக்குள் இருந்த துணி எல்லாம் போயிற்று. முன் லைட்டுக் கண்ணாடியையும் கழற்றினார்கள், உடைந்து பனிக்கட்டியில் கொட்டக் கூடாதாம். யன்னல்களுக்குக் கோழிக்கூட்டுக்கு அடிப்பது போல வலை அடித்தார்கள். உள்ளுக்குள் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு கட்டி ஒட்டினான் ஜதுசன், உருண்டாலும் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதாம். உருளுமோ தம்பி என்று கேட்டேன். சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான் அப்பாச்சி என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விரிப்புக்குக் கீழே உன் அத்தான் சிந்தின திருநீறு அப்படியே கிடந்தது. ஒருவரையும் தட்ட விடவில்லை. ஒரு கடதாசியில் வழித்து எடுத்துச் சாமித்தட்டில் வைத்தேன்.

விறைக்க விறைக்க வேலை செய்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினது நான். ரோல்ஸ் பொரித்தது நான். கிறீஸ் பிடித்த கையால் என் குசினிக் கதவு முழுக்க அடையாளம். அதைத் துடைத்ததும் நான். ஆனால் ஒரு சந்தேகம் என்றால் போன் போகிறது நோர்வேக்கு. சின்ன அப்பாச்சியைக் கேப்பம் என்பாள் தாரகா. நீயும் ஏதோ காரோடு பிறந்தவள் போல, கதவு ரப்பரைத் துடைச்சுக் காயவிடுங்கோ, ரேடியேற்றருக்குப் பச்சைத்தண்ணி விடாதேங்கோ என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். மூன்று தலையும் அந்தப் போனுக்கு மேலே குனிந்து கிடக்கும். என் தேத்தண்ணி ஆறும்.

கை பிரேக்கை இழுத்துவிட்டு இரவில் நிப்பாட்டாதே, காலையில் உறைந்துபோய் நிற்கும் என்று நானும்தான் சொன்னேன். ஓகே அப்பாச்சி என்றாள். இரண்டு நாள் கழித்து நீ அதையே சொன்னாய். உடனே ஒரு பேனையை எடுத்து, சின்ன அப்பாச்சியின் முதல் சட்டம் என்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தாள். கார் அங்கே வந்ததும் பார்ப்பாய், இன்னும் இருக்கிறது.

நாகேஸ், அந்தச் சட்டம் உனக்கு எங்கே இருந்து வந்தது? நோர்வேயின் வடக்கில் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்த காலம், மீன் பக்டரி வாசலில் உன் அத்தானின் பழைய கார் பிரேக் உறைந்து நின்றபோது, கேத்திலில் தண்ணியைச் சுடவைத்து ஊற்றி அவர் இன்னும் மோசமாக உறைய வைத்தாரே. அந்தக் குளிரில் பின்னால் நின்று தள்ளினது நான். நீ வீட்டில் இருந்தாய், அடுப்படியில், என் பிள்ளையோடு. இரவு சாப்பிடும்போது அவர் சொல்லித்தான் உனக்குத் தெரியும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

விடிய முதல் பக்டரிக்குப் போய் இருட்டின பிறகு வருவேன். எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் கையில் மீன் வெடுக்குப் போகாது. றஜீவைத் தூக்கப் போனால் மூக்கைச் சுளித்துக்கொண்டு உன் கழுத்தைக் கட்டுவான். அவன் முதன்முதலாக அம்மா என்று சொன்னது யாரைப் பார்த்து என்று உனக்குத் தெரியும். அக்கா, இவன் பிழையாச் சொல்லுறான் என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். அந்தப் பிழையை நீ திருத்தினதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் ஏன் நோர்வேயை விட்டு வந்தோம் என்று உன் அத்தான் கடைசி வரைக்கும் கேட்டார். பிள்ளையின் இங்கிலிஷ் படிப்புக்கு என்றுதான் அவருக்கும் சொன்னேன்.

போகட்டும். முன் சீட்டின் கதைக்கு வருகிறேன். இந்த மைக்ராவை வாங்கிப் பூசை செய்த கிழமை நீ லண்டனுக்கு வந்திருந்தாய். கோயிலுக்கு வெளிக்கிட்டபோது, நாகேஸ் விருந்தாளி, அவ முன்னுக்கு இருக்கட்டும் என்றார் உன் அத்தான். நீ ஒரு பேச்சுக்காவது அக்கா இருக்கட்டும் என்று சொல்லவில்லை. பச்சைச் சீலையைச் சுருக்கிக்கொண்டு ஏறி இருந்தாய். நான் பின்னுக்கு, அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வளைவில் திரும்பின போது தேங்காய் உருண்டு என் காலில் விழுந்தது. முன்னால் இருந்து இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்தீர்கள். என்ன பகிடி என்று கேட்டேன். சும்மா என்றாய். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பகிடி எனக்குத் தெரியாது.

அந்தச் சீட்டைக் கழற்றி ஜதுசன் குப்பைக்குப் போடப் போனான். வேண்டாம், குசினிக்குள் கொண்டுவந்து வை என்றேன். இப்போது நான் அதில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நல்ல சீட்டுத்தான்.

இனி, நான் எழுத வந்த விஷயம். ஜதுசன் ரோல்ஸ் சாப்பிட்டபடி சொன்னான், அந்தப் போட்டியில் ஒரு சட்டம் இருக்கிறதாம். முடிந்ததும் ஓடின கார் எல்லாம் விற்பனைக்காம், எல்லாவற்றுக்கும் ஒரே விலை. ஓடினவர்களில் யாருக்கு எந்தக் காரில் ஆசையோ அதற்குப் பெயர் எழுதி ஒரு பெட்டிக்குள் போடலாமாம். இரண்டு பேர் போட்டால் குலுக்கி எடுப்பார்களாம். உடையவர் தரமாட்டேன் என்று சொல்ல ஏலாதாம். காசுள்ளவன் கொட்டிச் செலவழித்து எல்லாரையும் வெல்லக் கூடாதென்று வைத்த சட்டமாம். நல்ல சட்டம்தான், வேறு யாருடைய காராகவும் இருந்தால்.

தாரகாவிடம் கேட்டேன். இந்தத் தகரத்தை ஆர் அப்பாச்சி வாங்கப் போகினம் என்று சிரித்தாள். பிறகு தானாகவே சொன்னாள், ஆரணன் பகிடிக்குப் பெயர் போடப்போறானாம், சின்ன அப்பாச்சிக்கு அந்தக் கார் எண்டால் சரியான விருப்பமாம், ஒருக்கா அதில முன்னுக்கு இருந்து கோயிலுக்குப் போனவவாம்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அதைப் பேரனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். நான் மறக்காதது போல நீயும் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், சீட்டை நீ வைத்துக்கொள். தர்சிகனின் வானில் ஏற்றச் சொல்லிவிட்டேன், உறையையும் தோய்த்துப் போட்டிருக்கிறேன். நீ இருந்த இடம் அது, உனக்குத்தான். உன் வீட்டில் எங்கே வேண்டுமானாலும் போட்டு இரு. காரை மட்டும் விட்டுவிடு. ஆரணனிடம் பெயர் போட வேண்டாம் என்று சொல். நான் சொன்னால் கிழவியின் விசர் என்பான், நீ சொன்னால் கேட்பான். நீ சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். வேறு யாராவது போட்டால் அது என் விதி. உன் வீட்டில் இருந்து ஒரு பெயர் அந்தப் பெட்டிக்குள் விழக் கூடாது.

இன்னொன்று. புதுக் கோலத்தில் கார் முதன்முதல் வெளிக்கிடும்போது நாலு சில்லுக்குக் கீழேயும் தேசிக்காய் வைத்து நசுக்க வேண்டும். இங்கே அதைத் தள்ளித்தான் ட்ரெய்லரில் ஏற்றப் போகிறார்கள். உங்கள் குளத்தில்தான் அது சொந்தமாக ஓடப்போகிறது, அங்கேதான் வைக்க வேண்டும். நீங்களே இப்ப வையுங்கோ அப்பாச்சி, அதெல்லாம் பாக்கிறதில்லை என்றாள் தாரகா. அவளுக்கு என்ன தெரியும். மனுஷன் போன கையால் நான் வைக்க மாட்டேன், அதுவும் அந்தப் பிள்ளை ஏறுகிற காருக்கு. உனக்கு மனுஷன் இருக்கிறார். அதிலும் உனக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. நீ வை.

நாலு தேசிக்காயும் தாரகாவின் பைக்குள் இந்தக் கடிதத்தோடு இருக்கும். வெளியே வைத்துவிடாதே. அந்தக் குளிரில் கல்லாகிவிடும். கல்லானால் சில்லு ஏறினாலும் நசியாது, நசியாவிட்டால் கண்ணூறு கழியாது. கார் வெளிக்கிடும் வரைக்கும் உன் கைக்குள்ளே வைத்திரு. றஜீவ் பனிக்குள் விளையாடிவிட்டு வந்தால் அவன் கை இரண்டையும் உன் கைக்குள் பொத்திக்கொண்டு அடுப்படியில் இருப்பாயே. நான் வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல் கதவடியில் நின்று பார்த்திருக்கிறேன். அப்படி வைத்திரு.

நீ பொட்டோடும் பூவோடும் நெடுங்காலம் இருக்க வேண்டும். பிள்ளையை எனக்குத் திருப்பி அனுப்பு.

உன் அக்கா,
சிவயோகம்