வாசலில் நிற்கிற ஆள்

எலே,

நீ போனபின் உன் வீட்டுக்காரி தந்த பிளாஸ்டிக் கவரை இன்றுதான் பிரித்தேன். பிரித்ததும் புகைபோட்ட ரப்பர் ஷீட் வாடை. உள்ளே என் நாவலுக்காக நீ சேர்த்த கடிதங்கள்.

அந்த நாவலை மறந்திருக்கமாட்டாய். முதல் பக்கத்தில் மழையில் ஒருவன் கதவைத் தட்டுவான். கடைசிப் பக்கம்வரை உள்ளே வரமாட்டான். பெரிய சோதனை முயற்சி என்று நான் பூரித்திருந்தபோது, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கட்டுரை எழுதினார், சாதாரண வாசகனால் இந்தப் பிரதிக்குள் நுழையவே முடியாது என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒற்றசேகரமங்கலத்தில் நீ ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு வந்து, இனி எழுதப்போவதில்லை என்றேன்.

"எலே மக்கா, வாசகன் இல்லேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஆளை நான் காட்டித் தாறேன்" என்றாய்.

மறுநாள் முதல், ஷீட் எடைபோட வந்தவர்கள் கையிலெல்லாம் நாவலையும் கட்டுரையின் நகலையும் திணித்தாய். கருத்து எழுதித் தராதவர்களின் ஷீட்டில் ஈரம் இருப்பதாகச் சொல்லி விலையைக் குறைத்தாய் என்றும் கேள்வி.

பிறகு பாறசாலையில் நடந்த கூட்டத்தில், பேராசிரியரை முன்னால் உட்கார வைத்துக் கடிதங்களை வாசித்தாய். "நாவல் படிச்சேன், தலைவலி. கட்டுரையும் படிச்சேன், காய்ச்சல்" என்று காரோடு ஊர்க்கார அக்கா ஒருத்தி. இன்னொருவர் மலையாளத்தில் எழுதியிருந்தார்: அந்த ஆள் உள்ளே வராததற்கு சார் ஏதேதோ தத்துவம் சொல்கிறார், அந்த வீட்டில் நாய் உண்டா என்று யாராவது பார்த்தீர்களா? நான் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் தேடினேன்.

பேராசிரியர் சிரித்தார். "எல்லாம் வசவால்லா இருக்கு?"

"வசவு ஆக்கும் சாரே. படிக்காதவன் ஏசுவானா?"

பேராசிரியர் போகும்போது நாய்க் கடிதத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று நீ என்னைக் காப்பாற்றினாயா, மானத்தை வாங்கினாயா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கட்டின் அடியில், கூட்டத்தில் நீ வாசிக்காத கடிதம் ஒன்று இருந்தது. உன் கையெழுத்து. "கட்டுரை எனக்குப் புரியல்ல. நாவலும் பாதிதான். ஆனா அந்த ஆளு மழையில நிக்கான். எலே, அவனை உள்ள கூப்பிட்டு ஒரு கட்டஞ்சாயா குடு."

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். நீ இருக்கும்போதே இதைப் படித்திருக்கலாம்.

இப்போது எழுதுகிற நாவலில் அவனை உள்ளே கூப்பிட்டுவிட்டேன். தலை துவட்ட ஒரு துண்டும் கொடுத்தேன். நீ சொன்ன, பால் சேர்க்காத கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டிருக்கிறான். அவன் சட்டையில் ரப்பர் ஷீட் வாடை.