அகஸ்டின் வீட்டு உத்தரம்

13 ஜனவரி, திங்கள்

வெள்ளறடையில் பழைய ரப்பர் கிட்டங்கி ஒன்றின் கூரையை இறக்கும் வேலை. இன்றும் தோள்வலி என்று சொல்லி மரம் அறுக்கும் மெஷினை அனூஜ் கையில் கொடுத்தேன். அனூஜ், என் மனைவி ரேஷ்மியின் தம்பி. நான்கு வருடமாக என்னோடு இடிப்பு வேலைக்கு வருகிறான். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டான். மத்தியானம் அவனே என் தோளில் தைலம் தேய்த்துவிட்டான். வலியே இல்லாத தோள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மெஷின் என் கையில் துள்ளியது. முனை எதிலோ முட்டி, ஓடுகிற செயினோடு முகத்துக்கு நேரே எழும்பி, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைக் கிழித்துவிட்டுத்தான் நின்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. துவர்த்தைச் சுருட்டி எறிந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அன்று முதல் கயிற்றை இழுத்து அது உறுமினாலே கீழே வைத்துவிட்டு ஓடத் தோன்றுகிறது. பதினாறு வருடமாக இதே வேலை. நாற்பத்து மூன்று வயதில் புதிதாகப் பயம் வருமா? வந்துவிட்டதே.

17 ஜனவரி, வெள்ளி

வேலை இல்லை. நிம்மதி. வேலை இல்லாததற்குச் சந்தோஷப்படுகிற கூலிக்காரன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

21 ஜனவரி, செவ்வாய்

காரோடு ஊரில் புது வேலை. அகஸ்டின் என்கிற, மீன்பிடிக்கிற கடல் பணிக்காரரின் ஓட்டு வீடு. சாலையை அகலப்படுத்துவதில் முன்பாதி போகிறது. பின்பாதி நிற்க வேண்டும். சமையலறைக்கு நாலடி முன்னால் சுவரில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அவர் மனைவி ஆலீஸ் பாத்திரம் பண்டங்களை எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

முழு வீடு என்றால் உத்தரத்தை முழுசாக இறக்கிவிடலாம். பாதி வீடு என்பதால் இருக்கிற இடத்திலேயே, சாரத்தில் நின்று, நெஞ்சளவில் மெஷினைப் பிடித்து அறுக்க வேண்டும். நாளைக்கே முடிக்க வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர் மோகனன்.

உத்தரம் நல்ல அயினிப்பலா மரம். தன் அப்பாவின் வள்ளத்து அடிமரம் அது என்று அகஸ்டின் பெருமையாகச் சொன்னார். இந்தக் கரையில் அப்படித்தான். கடலில் ஓடி ஓய்ந்த வள்ளத்தின் மரம் வீட்டுக்கு வந்துவிடும். நான் தலையாட்டினேன். மனசு முழுக்க ஒரே யோசனை. நாளைக்கு என்ன சாக்குச் சொல்வது?

22 ஜனவரி, புதன்

எழுதியே ஆக வேண்டும்.

காலையில் காந்தம் வைத்துப் பார்த்தது நான். பழைய மரத்துக்குள் ஆணி மறைந்திருக்கும். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மேலே மெதுவாக ஓட்டினால் ஆணி இருக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ளும். அறுக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடவை ஓட்டினேன். பிடிக்கவில்லை. "சுத்தமாக்கும். நீ அறு மக்கா" என்று சொல்லிவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கினேன். தரையில் கால் பட்டதும் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பாதி மரம் அறுபட்டிருக்கும். கர்ரென்று ஒரு சத்தம் — மெஷின் மேலே துள்ளியது. அனூஜின் இடது கை பிடியிலிருந்து நழுவி — வேண்டாம். அகஸ்டின் தன் கைலியைக் கிழித்துக் கட்டினார். ஆட்டோவில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் கண்ணை மூடாதே, கண்ணை மூடாதே என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் கேட்டது ஒன்றுதான். மெஷினை யாராவது அணைத்தார்களா?

24 ஜனவரி, வெள்ளி

கை தப்பித்தது. கடைசி இரண்டு விரலுக்கு உணர்வு வருமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ரேஷ்மி அழுதபடியே, உங்களுக்காவது தோள்வலி வந்து தப்பிச்சீங்களே என்றாள். எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

அகஸ்டின் மாதாகோயில் பூசை முடிந்து நேரே வந்தார். மடியிலிருந்து ஒரு ஆணியை எடுத்து மேசையில் வைத்தார். சுண்டுவிரல் கனம். பாதி அறுபட்டு, அறுபட்ட இடம் மட்டும் சிவப்பாக மின்னியது.

"வள்ளத்துல இரும்பு அடிக்கமாட்டோம் மக்கா, உப்புத்தண்ணி தின்னுரும். செம்பாணியாக்கும். தலையில குங்கிலியப் பிசின் வச்சு அடைச்சிருவோம். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ணு நெனச்சேன்" என்றார்.

காந்தம் செம்பைப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வள்ளத்து மரம் என்று அவர் சொன்னபோதே ஆணியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். நான் சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். மோகனனோ, அனூஜ் அவசரப்பட்டான் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். நான் மறுத்துப் பேசவில்லை. பேசினால் அது தோள்வலியில் போய் நிற்கும். ரேஷ்மியின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

5 பிப்ரவரி, புதன்

சோறு இறங்கவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அதியன்னூரில் அனூஜ் வீட்டில், ரேஷ்மியையும் வைத்துக்கொண்டே. டிசம்பரில் மெஷின் துள்ளியது, பொய்யான தோள்வலி, அகஸ்டின் சொல்லியும் காதில் வாங்காதது, எல்லாம். தரையைப் பார்த்துத்தான் பேசினேன். முடிப்பதற்குள் ரேஷ்மி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அனூஜ் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"அத்தானுக்குப் பேடி உண்டுண்ணு எனக்குத் தெரியும். கயிறு இழுக்கும்போ கை நடுங்கினதப் பாத்தேன். அந்தக் கையில மெஷின் இருந்தா செத்துருவீங்கண்ணுதான் நான் வாங்கினேன்."

என் பயம் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தைலம் தேய்த்தானா?

"பேடிச்சது தப்பில்ல. அது வள்ளத்து மரம்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதாக்கும் எனக்குப் பொறுக்கல்ல" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

10 பிப்ரவரி, திங்கள்

தப்பு என்னுடையது என்று மோகனனிடம் சொன்னேன். அவர் சரி என்று போனை வைத்துவிட்டார்.

18 மார்ச், செவ்வாய்

அகஸ்டின் வீட்டு உத்தரம் பாதி அறுபட்டு, முட்டுக் கொடுத்தபடியே நின்றுகொண்டிருந்தது. நடந்தது தெரிந்து வேறு யாரும் தொட மாட்டேன் என்றார்கள். மோகனன் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் அனூஜும் வந்து நின்றான். அந்த இரண்டு விரலும் இனி மடங்காது.

வலது கையில் உளி பிடித்து, சாரத்தில் உட்கார்ந்து, உத்தரத்தின் பெயிண்டைச் சாண் சாணாகச் சுரண்டினான். குங்கிலியம் அடைத்த இடம் ஐந்து இருந்தது. எல்லாவற்றுக்கும் சாக்பீஸால் வட்டம் போட்டான். மோகனன் இரண்டு தடவை மணி பார்த்தார். யாரும் அவசரப்படவில்லை.

இறங்கும்போது, "பேடி உண்டா அத்தான்?" என்று கேட்டான்.

உண்டு என்றேன். இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"அப்ப மெதுவா அறுங்க. நான் எங்கயும் போவமாட்டேன்."

அறுத்தேன். வட்டங்களை விட்டு விலகி, பயந்துகொண்டேதான் அறுத்தேன். மரம் இறங்கியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. ரேஷ்மி இன்னும் என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். இன்று மறுபடி மெஷின் பிடித்து அறுத்ததை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மத்தியானம் ஆலீஸ் எங்களுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தந்தார். உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். அனூஜ் இடது கையில் தட்டை வாங்கினான். அது சரிந்தது. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.