முள் எழவில்லை

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அண்ணியும் நலமா? போனில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். பட்டறைச் சத்தத்தில் மந்தமான உங்கள் காதில் பாதிகூட விழுவதில்லை. அதனால்தான் கடிதம்.

எங்கள் கார் சீக்காகிவிட்டது. டாஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. முதல் கடைக்காரன் இன்ஜினையே மாற்றச் சொன்னான். இரண்டாவது கடைக்காரன் ஆயிலை மாற்றி, "சரியாயிடுச்சு, போங்க" என்றான். தெருமுனை திரும்புவதற்குள் விளக்கு மறுபடி வந்துவிட்டது. இந்த ஊர்ப் பாஷையில் தடுமாறுகிற ஆள் என்றால் தலையில் மிளகாய் அரைக்க எல்லாருக்கும் ஆசைதான்.

மூன்றாமவர் ஒரு வழுக்கைத் தலைக்காரர். இன்ஜினில் ஆயில் அழுத்தம் காட்டுகிற ஒரு மீட்டரைத் திருகி, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். வண்டி சூடானதும் முள் எழவே இல்லை. ஆயில் பம்ப் போய்விட்டதாம். "ஹைவேல மட்டும் ஓட்டாதீங்க. என்கிட்டதான் செய்யணும்னு இல்ல, எங்கயாவது செஞ்சுடுங்க" என்றார். மூன்று வாரம் வண்டியைக் கடையில் விட்டுவைக்க வேண்டுமாம்.

உங்கள் மாப்பிள்ளை வேலை பார்க்கும் கிடங்குக்கு ஹைவேயில் நாற்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது. கூட வேலை பார்ப்பவர் இப்போது ஏற்றிக்கொண்டு போகிறார். அவரும் மாதக் கடைசியில் வேலையை விடுகிறார். எனக்கு அந்த வழுக்கைக்காரரை நம்பலாம் என்று தோன்றுகிறது. உங்கள் மாப்பிள்ளையோ, "மச்சான் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று உட்கார்ந்திருக்கிறார். சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புடன்,
வாயாடி


மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

மெக்கானிக்கில் யோக்கியனா? பூனையில் சைவம் உண்டா? என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மீட்டரைக் காட்டிப் பயமுறுத்துவதெல்லாம் பழைய வித்தை. அந்த இன்ஜினை நான் சொல்லித்தானே வாங்கினீர்கள்? அது அவ்வளவு லேசில் படுக்காது.

அந்த விளக்கை எரியவைக்கிற பிரஷர் சுவிட்ச்தான் கெட்டிருக்கும். ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் பெருவிரல் அளவுக்கு இருக்கும்; அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் வரும். மாப்பிள்ளையை அதைப் பிடுங்கிவிடச் சொல். விளக்கு அணைந்துவிடும். இங்கே இதே மாதிரி எத்தனை வண்டிகளை ஓட விட்டிருக்கிறேன் தெரியுமா? இருக்கிற வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல் தைரியமாக ஓட்டச் சொல்.

அண்ணி உன்னை இளைக்காதே என்கிறாள். நீயாவது இளைப்பதாவது!

அன்பு அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்ன ஒயரைப் பிடுங்கியாயிற்று. விளக்கு அணைந்ததும் அவருக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தியா, அங்க உக்காந்துகிட்டே கண்டுபிடிச்சிட்டாரு எங்க மச்சான்!" நான்கு நாளாக வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்.

நேற்றுக் கடைவீதியில் அந்த வழுக்கைக்காரர் எதிரே வந்தார். "செஞ்சுட்டீங்களா?" என்று கேட்டார். செய்தாயிற்று என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். "நல்லது" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு சரியில்லை.

சூடானதும் உள்ளே டக்டக்கென்று ஒரு சத்தம் வருகிறது அண்ணா. உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னால் சிரிக்கிறார். இது எதனால்?

வாயாடி


ஏப்ரல் 29

அண்ணாவுக்கு,

தந்தி பாணியில் அண்ணியிடம் போனில் சொன்னது போதாது. முழுதாக எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி காலை, வேலைக்குப் போகிற வழியில், ஹைவே நடுவே இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்திருக்கிறார், திரும்பவில்லை. பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. உயிர் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இனி அசையாது என்று டாக்டர் எங்கள் இருவர் முன்னாலும் சொன்னார்.

வண்டியைச் சோதித்தவர்கள் ஒயர் பிடுங்கியிருப்பதைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார்கள். அவர், "நான்தான்" என்றார். என்னிடம் நாள் முழுவதும் ஒரே பேச்சு: "மச்சான் சரியாத்தான் சொன்னாரு. நான்தான் வேற ஒயரப் பிடுங்கிட்டேன்." கண்ணீர் காதுக்குள் இறங்குகிறது. துடைத்துக்கொள்ள அவர் கை எழாது, நான்தான் துடைக்கிறேன்.

சத்தம் கேட்டும் அவரை ஓட்ட விட்டவள் நான். என் பங்கை நான் மறுக்கவில்லை. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். முள் எழவில்லை என்று எழுதியிருந்தேனே, அதைப் படித்தீர்களா?


மே 10

தங்கைக்கு,

படித்தேன்.

சூட்டில் முள் எழவில்லை என்றால் கெட்டது சுவிட்ச் இல்லை, பம்ப்தான். அது எனக்குத் தெரியும். நான் சத்தியம் பண்ணி வாங்க வைத்த இன்ஜின். அதில் எவனோ ஒருவன் குறை கண்டுபிடித்ததை என்னால் தாங்க முடியவில்லை. இங்கே ஒயரைப் பிடுங்கி அனுப்பிய வண்டிகள் நாலு தெரு ஓடும், நின்றால் தள்ளிக்கொண்டு வருவார்கள். அவ்வளவுதான் என் புத்தி போயிற்று. ஹைவே என்று நீ எழுதியது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. உன் இரண்டாவது கடிதம் வந்ததும், அந்தச் சத்தம் ஆயில் ஏறாமல் இன்ஜின் தேய்கிற சத்தம் என்று புரிந்தது. உடனே போன் பண்ணாமல், என்ன எழுதலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். அதற்குள் அண்ணிக்கு உன் போன் வந்துவிட்டது.

பட்டறையைப் பூட்டிவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. என்னை நீ என்ன சொன்னாலும் தகும்.

அண்ணன்


மே 24

அண்ணாவுக்கு,

கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தப்பில்லை என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப நான் சரியான ஒயரத்தான் பிடுங்கியிருக்கேன்" என்றார். அன்றைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி ஒழுங்காக இறங்கியது. "மச்சான்கிட்ட கோவிச்சுக்காத, பாவம்" என்று எனக்குப் புத்திமதி வேறு.

அவர் உங்களை மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

இனி எனக்கு எழுதாதீர்கள். அவர் பெயருக்கு எழுதுங்கள், மாதம் தவறாமல் எழுதுங்கள், உங்கள் கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறார். தாளைப் பிடிக்க அவரால் முடியாது. நான்தான் பிரித்து வாசிக்க வேண்டும். வாசிப்பேன்.